நாரிப்பிடிப்புக்குத் தரும் குளிசை

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதம் பேசவேண்டியவன் நீ என்று செயலாளர் அவர்கள் எனக்கு அறிவித்தபோது, எதைப்பற்றிப் பேசுவது என்று அவரையே வினாவினேன். “நீர் மருந்தியல் படிக்கிற பிள்ளை, ஆகாயத்தில் உள்ளதை விட்டுவிட்டு வீட்டில் உள்ளதைப் பேசும்” என்றார். வீட்டில் உள்ளது எது என்று எண்ணிப் பார்த்தேன். நம்மவர் வீடு ஒவ்வொன்றிலும் அலுமாரித் தட்டிலே ஒரு பழைய பிஸ்கற் பேணி இருக்கிறதல்லவா? அதற்குள்ளே பாதி தீர்ந்த குளிசை அட்டைகள் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று, எப்போதோ ஒருவருக்கு நாரிப்பிடிப்புக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்தது. அந்தக் குளிசையைப்பற்றியே இன்று பேசத் துணிந்தேன். வைத்தியருக்குரிய வேலையை நான் செய்ய வரவில்லை. வைத்தியர் எழுதித் தந்த மருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நாம் அறிந்திருக்கவேண்டியவற்றை மாத்திரமே சொல்லப் போகிறேன்.

இவற்றைத் தமிழிலே சொல்ல முடியுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், பின்னர் மானிப்பாயிலே மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். அந்நியர் ஒருவருக்கு அன்றே முடிந்தது இன்று நமக்கு முடியாது என்பது நாணத்தக்க பேச்சு. மருந்துகளின் பெயரை மாத்திரம் அவை வழங்குகிறபடியே சொல்லுவேன். மருந்துக்கடையில் அந்தப் பெயரைத்தானே நீங்கள் கேட்கவேண்டும்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை நீக்கிவிடவேண்டும். “தசை தளர்த்தும் மருந்து” என்ற பெயரைக் கேட்டவுடன், குளிசை வயிற்றுக்குள் இறங்கி, நேராக நாரிக்குச் சென்று, இறுகிய தசையைப் பிடித்து இளக்குகிறது என்று நினைக்கிறோம். அப்படியன்று. இவ்வினத்து மருந்துகளில் மிகப் பெரும்பாலானவை தசையைத் தொடுவதே இல்லை. அவை மூளையிலும் முண்ணாணிலும் வேலை செய்து, அங்கிருந்து தசைக்குச் செல்லும் கட்டளைகளைக் குறைக்கின்றன. டன்ட்ரோலின் என்ற ஒன்று மாத்திரம் தசைக்குள்ளேயே வேலை செய்வது. அதை நம்மில் ஒருவரும் பேணிக்குள் வைத்திருக்கப் போவதில்லை. சத்திர சிகிச்சையின்போது உடல் அசையாதிருக்க ஊசியால் ஏற்றுகிறார்களே, 1942-இல் மொன்றியல் நகரிலே மயக்க மருந்துடன் சேர்த்துக் கொடுக்கப்பட்ட கியூராரி என்னும் அம்புநஞ்சின் வழிவந்த மருந்துகள், அவை வேறு இனம். அவற்றையும் இவற்றையும் குழப்பலாகாது.

மருந்து மூளையில் வேலை செய்கிறது என்ற இந்த ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், நான் பின்னர் சொல்லப்போவதில் முக்காற்பங்கு தானாகவே விளங்கிவிடும். நாரியை நோக்கி அனுப்பிய மருந்து கண்ணையும் கையையும் நிதானத்தையும் சேர்த்தே தளர்த்துகிறது. தூக்கம் வருவது அம்மருந்தின் ஓரத்து விளைவன்று; பல மருந்துகளில் அதுவே பாதி வேலை.

இம்மருந்துகள் பிறந்த கதையும் இதையே காட்டும். செக்கோசிலோவாக்கியாவிலிருந்து ஹிட்லரின் படைக்குத் தப்பி இங்கிலாந்து சேர்ந்த பிராங்க் பேர்கர் என்னும் வைத்தியர், யுத்தம் முடியும் காலத்தில் பெனிசிலினைக் கெடாமல் பாதுகாக்கும் பொருளொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பரிசோதித்த பொருள்களில் ஒன்றைச் சுண்டெலிகளுக்கு ஏற்றியபோது, அவை உணர்விழக்காமலே உடல் தளர்ந்து சாந்தமாகக் கிடந்தன; சற்று நேரத்தில் பழையபடி எழுந்து ஓடின. அதுவே மெபனெசின். 1946-இல் அதனைப்பற்றி எழுதினார். அவர் அமெரிக்கா சென்றபின் அதன் வழியில் மெப்புரோபமேற்று என்ற மனச்சாந்தி மருந்து 1955-இலும், காரிசோப்புரோடோல் என்ற தசை தளர்த்தி 1959-இலும் சந்தைக்கு வந்தன. பின்னையது நம் உடலுக்குள்ளேயே முன்னையதாக மாறுகிறது! நாரிக்கென்று விழுங்குபவர் தம்மை அறியாமலே மனச்சாந்தி மருந்தையும் விழுங்குகிறார். பலர் அதற்கு அடிமையானதைக் கண்டு, 2007-இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் அதன் நன்மையிலும் தீமையே பெரிது என்று முடிவு செய்தது. அமெரிக்க அரசாங்கம் 2012-இல் அதைக் கட்டுப்பாட்டு மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது.

அப்படியானால் இவற்றால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் நாம் நினைக்கும் அளவு இல்லை. 2021-இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையிலே, நாரிநோவுக்கு இம்மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த 31 ஆய்வுகளை, மொத்தம் 6,505 பேரைப்பற்றியவற்றை, ஒன்றுசேர்த்து ஆராய்ந்து வெளியிட்டார்கள். நோவை 100 புள்ளி கொண்ட அளவுகோலில் அளந்தால், முதல் இரண்டு வாரங்களில் சாதாரண தசை தளர்த்திகள் 8 புள்ளிக்கும் குறைவாகவே நோவைக் குறைத்தன. சிலருக்கு அந்த எட்டுப் புள்ளியும் பெரிது. இரவிலே புரள முடியாமல் கிடப்பவருக்கு ஒரு நித்திரை கிடைப்பது சிறிய விஷயமா? ஆனபடியால்தான் வைத்தியர் சில நாளைக்கு எழுதுகிறார். சில நாளைக்கு என்பதைக் கவனியுங்கள். சாதாரணப் பிடிப்புக்கு இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு மேல் இவற்றை உட்கொள்வதற்கு ஆதாரமே இல்லை. மூன்று மாதமாக அதே பழைய துண்டைக் காட்டி வாங்கிக்கொண்டிருப்பவர் வைத்தியம் செய்யவில்லை; வழக்கம் ஒன்றைப் பழகிக்கொண்டிருக்கிறார்.

வாலிப நண்பர்களுக்கு முதலில் சொல்லவேண்டியது வாகனம்பற்றி. இரவு படுக்கும்போது ஒரு குளிசை போட்டேன், காலையில் எழுந்தேன், மருந்து முடிந்துவிட்டது என்று எண்ணி மோட்டார் சைக்கிளில் ஏறுகிறோம். மருந்து முடிந்ததா என்பது மருந்தைப் பொறுத்தது. இரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறையும் காலத்தை அரைவாழ்வுக் காலம் என்பர். மெதோகார்பமோலுக்கு அது ஏறக்குறைய 1 முதல் 2 மணித்தியாலம். ரிசானிடினுக்கு இரண்டரை மணித்தியாலம். சைக்குளோபென்சப்பிரினுக்கோ ஏறக்குறைய 18 மணித்தியாலம். டயசிபாம் இன்னும் நீண்டது. 20 முதல் 50 மணித்தியாலம் வரை போகும், அது உடலில் மாறிப் பிறக்கும் பொருளோ அதனிலும் நீண்ட நேரம் நிற்கும். திங்கள் இரவு போட்ட டயசிபாம் புதன்கிழமையும் உங்களுடன் சைக்கிளில் ஏறுகிறது. தூக்கம் வரவில்லையே என்று சொல்லுவதும் போதாது. தூக்கம் உணரப்படாதபோதும் கை பிரேக்கைப் பிடிக்கும் வேகம் குறைந்திருக்கும். புதிதாக இம்மருந்தைத் தொடங்கினவர், அது தம்மை என்ன செய்கிறது என்று அறியும்வரைக்கும் சைக்கிள், உழவு இயந்திரம், அரிவாள், பனை, தென்னை யாவற்றையும் விலக்கி வைப்பதே புத்தி.

சாராயத்தைப்பற்றி இச்சபையில் பேசலாமா என்று தயங்கினேன். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் நடப்பது பெரியோர்கள் அறியாததன்று, ஆகையால் பேசுகிறேன். கள்ளோ சாராயமோ பியரோ, எதுவாயினும் மூளையை மந்தப்படுத்துவது. இம்மருந்தும் அதையே செய்வது. இரண்டும் சேரும்போது தூக்கம் மாத்திரம் கூடுவதில்லை, மூச்சே குறையலாம். நோவுக்குக் கொடுக்கும் திரமடோல், நித்திரைக் குளிசை, வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள், தடிமனுக்கு நாமே வாங்கிப் போடும் பிரிற்றன் ஆகியவையும் இதே பக்கத்தில் நின்று இழுப்பவை. பிரிற்றன் சிறுபிள்ளைக்கும் கொடுப்பதுதானே என்பார்கள். தனியே கொடுப்பது வேறு. சேர்த்துக் கொடுப்பது வேறு.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். அமெரிக்க முதியோர் வைத்தியர்கள், 1991-இல் பியர்ஸ் என்பவர் தொடங்கிவைத்த பட்டியலைக் காலத்துக்குக் காலம் திருத்தி வெளியிட்டு வருகிறார்கள். 65 வயதுக்கு மேற்பட்டோர் இயன்றவரை விலக்கவேண்டிய மருந்துகளின் பட்டியல் அது. காரிசோப்புரோடோல், குளோர்சொக்சசோன், சைக்குளோபென்சப்பிரின், மெதோகார்பமோல், ஓர்பெனட்றின் ஆகியன அதில் உள்ளன. காரணம் பெரும்பாலும் விழுவதுதான். இரவு இரண்டு மணிக்கு ஆச்சி சிறுநீர் கழிக்க எழுந்து, அரைத் தூக்கத்தில் படியிறங்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தால், நாரிப்பிடிப்பைப்பற்றிப் பிறகு யாரும் பேசமாட்டார்கள். சைக்குளோபென்சப்பிரினும் ஓர்பெனட்றினும் சிறுநீரை அடைக்கவும் கூடும். புரஸ்தசுரப்பி வீங்கிய ஆண்களும், கண்ணமுக்க நோய் உள்ளவர்களும் அதை வைத்தியருக்கு முன்னரே சொல்லவேண்டும். இளைஞர் ஒருவர் போட்டுச் சுகமடைந்த குளிசையைத் தகப்பனாருக்குக் கொடுப்பது பாசமாகத் தோன்றும். ஆனால் தகப்பனாரின் உடம்பு வேறு உடம்பு.

இனி நான் மிகவும் சொல்ல விரும்பிய விஷயத்துக்கு வருகிறேன். பக்லோபென் என்று ஒரு மருந்து. 1962-இல் சுவிற்சர்லாந்தின் சீபா கம்பெனியிலே வலிப்புநோய்க்கென்று செய்யப்பட்டது. வலிப்புக்கு உதவவில்லை, ஆனால் முண்ணாண் சேதமுற்றவர்களின் கால்கள் விறைத்து உதறுவதை அது அடக்குவது கண்டறியப்பட்டது. அவ்வேலையில் அது மிக நல்ல மருந்து. பாரிசவாதத்துக்குப்பின் கை மடங்கி இறுகினவர்களுக்கும், 2009-இல் முடிந்த யுத்தத்திலே முண்ணாணிற் காயமுற்றுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் அது பெரிய ஆறுதல். அதைக் குறைசொல்ல நான் வரவில்லை.

ஆனால் பக்லோபென் உடலைவிட்டு நீங்கும் வழி சிறுநீரகம். உட்கொண்டதில் ஏறக்குறைய 70 முதல் 85 வீதம் மாறுதலின்றிச் சிறுநீரோடு கழிகிறது. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அந்த வாசல் பாதி மூடிய வாசல். முதல்நாள் போட்ட குளிசை வெளியேறுமுன் இரண்டாம் நாட் குளிசை வந்து சேருகிறது. இரண்டு மூன்று நாட்களுக்குள் ஆள் குழம்பிப் பேசுகிறார், மனிதரை அடையாளம் தெரியவில்லை, பிறகு எழுப்பினாலும் எழுவதில்லை. வீட்டார் பாரிசவாதம் என்று நினைக்கிறார்கள். சிலர் வேறு ஏதோ பிடித்துவிட்டது என்று நூல் கட்டவும் போகிறார்கள். கனடாவின் ஒன்ராரியோ மாகாணத்திலே, சிறுநீரக நோயுள்ள முதியோர் பதினாறாயிரம் பேர் வரையில் பக்லோபென் தொடங்கியபின் என்ன ஆயினர் என்று ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தவர்களில், நூற்றில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோர் ஒரு மாதத்துக்குள் மூளை மயங்கி வைத்தியசாலை சேர்ந்தனர். அம்மருந்து எடுக்காதவர்களிலோ அது பதினாயிரத்தில் ஆறுபேர் அளவே.

கனடாவின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாகாது. நமது நாட்டின் வடமத்திய மாகாணத்திலே 1990-கள் முதல், நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத கமக்காரர்களையும் சிறுநீரக நோய் பீடித்து வருவதை யாவரும் அறிவர். வவுனியாப் பக்கத்துக் கிராமங்களிலும் அது உண்டு. அதன்றி, நீரிழிவாலும் பிரஷராலும் சிறுநீரகம் மெல்லப் பழுதுபட்டவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். வருத்தம் தோன்றாதபடியால் அவர்களே அதை அறியார். நாரி முறியக் குனிந்து வேலை செய்பவர் யார்? கமக்காரர். சிறுநீரகம் பழுதுபடுபவர் யார்? அவரே. ஆகையால் நாரிநோவுக்குச் செல்லும் ஒவ்வொருவரும், கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோய், “ஐயா, என்ர சிறுநீரகம் இப்படியிருக்கு” என்று முதலிலேயே சொல்லவேண்டும். கிறியற்றினின் என்ற ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையே வைத்தியருக்கு வேண்டியதைச் சொல்லிவிடும். இம்மருந்தோடு கூடவே எழுதப்படும் டைக்குளோபெனக் போன்ற நோவு மருந்துகளும் அந்தச் சிறுநீரகத்தையே மேலும் வருத்துவன என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

பக்லோபெனில் இன்னொரு கூர் உண்டு. நீண்டநாள் எடுத்தவர் அதைத் திடீரென்று நிறுத்தலாகாது. நிறுத்தினால் இல்லாததைக் காண்பதும், காய்ச்சலும், வலிப்பும் வரக்கூடும். விறைப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும். ஒரு வாரம் இரண்டு வாரமாக, வைத்தியர் சொல்லும் கணக்கில் மெல்ல மெல்லக் குறைக்கவேண்டும். டயசிபாமும் அத்தன்மையதே. ரிசானிடினை அதிகமாக எடுத்துத் திடீரென விட்டால் இரத்த அழுத்தம் குதித்தேறும். 2022-இல் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். இப்படிப்பட்ட மருந்தில் தங்கியிருப்பவர் வீட்டிலே உள்ளவர்கள், கடைசிக் குளிசை முடிந்தபின் கடை தேடாமல், ஒரு வாரத்துக்குரியது கையிருக்கும்போதே தேடுவது நன்று. சக்கர நாற்காலியில் இருப்பவர் தாமே போய் வாங்க முடியாதவராயின், அதை வாங்கிக் கொடுப்பது இச்சங்கத்து இளைஞர் எவராலும் செய்யக்கூடிய வேலை.

ரிசானிடினைப்பற்றி ஒன்று சொல்லாமல் விடமுடியாது. சிப்ரோபுளொக்சசின் என்பது நம் நாட்டிலே சிறுநீர்க் கிருமிக்கும் வயிற்றோட்டத்துக்கும் மிகச் சாதாரணமாக எழுதப்படும் மருந்து. ரிசானிடினை ஈரலிலே அழிக்கும் நொதியத்தை அது தடுத்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்விலே ரிசானிடினின் அளவு இரத்தத்தில் பத்து மடங்காயிற்று. புளுவொக்சமின் என்ற மனநோய் மருந்தோடு சேர்ந்தபோதோ 33 மடங்கு! ஒரு குளிசை விழுங்கினவர் முப்பத்துமூன்று விழுங்கினவர்போல ஆகிறார். இரத்த அழுத்தம் சரிந்து எழுந்து நிற்கமுடியாமல் விழுகிறார். ஆனபடியால் இவ்விரண்டையும் ரிசானிடினோடு சேர்ப்பது அறவே கூடாது. நாரிக்கு ஒரு வைத்தியரும், சிறுநீருக்கு வேறொரு வைத்தியரும் எழுதினால், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிய வழி என்ன? நோயாளி சொல்லும் வார்த்தை ஒன்றே வழி. வாய் கூசுமானால் குளிசை அட்டையை மேசையில் வைத்தாற் போதும்.

பெயர்களில் உள்ள மயக்கமும் பெரியது. ஒரே மருந்து பத்துக் கம்பெனியின் பத்துப் பெயரில் வருகிறது. 1971-இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றக் காரணமாயிருந்த பேராசிரியர் சேனக பிபிலே, மருந்தை அதன் பொதுப்பெயராலேயே வழங்கவேண்டும் என்று வாதாடினார். அவர் 1977-இல் மறைந்தார். அவர் சொன்னதன் அருமை இங்கே விளங்கும். குளோர்சொக்சசோன் தனியே வருவது குறைவு. பரசிற்றமோலும், சிலவேளை டைக்குளோபெனக்கும், சேர்த்து அடித்த குளிசையாகவே பெரும்பாலும் வரும். அதையும் விழுங்கி, நோவுக்கென்று தனியே இரண்டு பனடோலும் விழுங்குகிறவர் பரசிற்றமோலை இரட்டிப்பாக எடுக்கிறார். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு, அதுவே எல்லை. அதற்கு மேற்பட்டால் ஈரல் கெடும். குளோர்சொக்சசோனே அருமையாகச் சிலருக்கு ஈரலைக் கெடுப்பது. கண் மஞ்சளானால் மருந்தை விட்டு உடனே வைத்தியரிடம் போகவேண்டும். ஆனால் சிறுநீரின் நிறத்தைக் கண்டு மாத்திரம் பயப்படவேண்டாம். குளோர்சொக்சசோன் அதைச் செம்மஞ்சளாக்கலாம், மெதோகார்பமோல் கறுப்பாகவோ பச்சையாகவோ ஆக்கலாம். இதை முன்னரே அறியாமல் பதறியவர்கள் பலர்.

எல்லா நாரிநோவும் குளிசைக்கு அடங்குவதன்று என்பதையும் சொல்லவேண்டும். 2017-இல் அமெரிக்க வைத்தியக் கல்லூரியார் வெளியிட்ட வழிகாட்டலிலே, புதிதாக வந்த சாதாரண நாரிநோவுக்கு முதலிற் சொல்லப்பட்டவை சூட்டு ஒற்றடமும் உருவுதலும் போன்றவையே. மருந்து அவற்றுக்குப் பிறகு. நம் பாட்டிமார் நொச்சியிலையை வதக்கி ஒற்றடம் பிடித்ததைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு இது சற்றுக் கசக்கும். படுத்த படுக்கையாய்க் கிடக்கவும் வேண்டாம். இயன்றவளவு நடமாடுவதே நன்று. ஆனால் நாரிநோவோடு இரண்டு கால்களும் பலம் குறைந்தாலோ, இருக்கும் இடம் மரத்துப் போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, குளிசையும் ஒற்றடமும் தேடி நேரம் போக்கலாகாது. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். ஒருநாள் தாமதம் ஆயுள் முழுவதும் கால் வழங்காமற் செய்யலாம். காய்ச்சலோடு வந்த நாரிநோவும், விழுந்தபின் வந்த நாரிநோவும், உடல் மெலிவதோடு வந்த நாரிநோவும் அவ்வாறே வைத்தியர் பார்க்கவேண்டியவை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தாமாக எதையும் எடுக்கலாகாது.

கடைசியாக, எவரேனும் இக்குளிசையை அளவுக்கு மிஞ்சி விழுங்கிவிட்டால், அல்லது குழந்தையொன்று பேணியைத் திறந்து தின்றுவிட்டால், வாந்தியெடுக்கச் செய்வதும், புளிக்கரைசல் பருக்குவதும், எழுந்து நட என்று இழுப்பதும் வேண்டாம். மயங்கினவர் வாயிலே எதையும் ஊற்றினால் அது சுவாசப்பைக்குள் போகும். அவரை ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்தி, மூச்சு ஓடுகிறதா என்று பார்த்தபடி, 1990 என்ற இலக்கத்துக்கு அறிவித்து அம்புலன்ஸை அழைக்கவேண்டும். அச்சேவை 2018 முதல் வடக்கிலும் நடைபெறுகிறது, கட்டணமில்லை. போகும்போது குளிசை அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை குளிசை போயிற்று என்பதை, எஞ்சிய குளிசைகளை எண்ணியே வைத்தியர் கணக்கிடுவார்.

கேள்விகள் கேட்கக் காத்திருப்பவர்கள் பலர் என்று தலைவர் அவர்கள் சைகை காட்டுகிறார்.